பிள்ளையாரைச் சுற்றிய கால்கள்

புதிதாக விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்திருக்கும் தங்கைகளே,

போன வாரம் உங்களை மைதானத்தில் பார்த்தேன். ஒரு பெண் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததும் நான்கு பேர் தைலப் புட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினீர்கள். ஓட்டத்தில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் உட்கார்ந்தவளிடம் ஒருத்தியாவது "காலையிலிருந்து என்ன செய்தாய்?" என்று கேட்டீர்களா? கேட்கவில்லை. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஓய்வு பெற்றவளுக்கு வேறு வேலை இல்லை என்றும் வைத்துக்கொள்ளலாம். அதுவும் பொய்யில்லை.

நான் மயிலாப்பூரில் ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளிக்கு டிரில் டீச்சராக வந்த காலத்தில், பெண் பிள்ளைகள் ஓடுவதே ஊருக்கு வேடிக்கை. லஸ் கடைத்தெருவுக்குப் போகிறவர்கள் எங்கள் மதில் ஓரம் சற்று நின்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போவார்கள். பெண்கள் பாவாடை தாவணியில்தான் ஆடுவார்கள். இடுப்பில் செருகிய தாவணி அவிழ்ந்து காலில் சிக்கும், கணுக்கால் பிசகும். இது வாரம் தவறாமல் வரும் விருந்தாளி. இதற்கு நான் கண்ட மருந்து ஊக்கு. ஆளுக்கு இரண்டு ஊக்கு குத்தாமல் யாரும் கோட்டுக்குள் வரக்கூடாது என்றேன். கணுக்கால்கள் பாதி பிழைத்தன.

வளையல் வேறொரு வம்பு. பந்தை எட்டி அடிக்கும்போது கண்ணாடி வளையல் உடைந்து மணிக்கட்டைக் கிழிக்கும். கழற்றி வை என்றால் மறுநாளே வீட்டிலிருந்து யாராவது வந்து, "பொண்கொழந்தையை மூளிக் கையோட நிக்கச் சொல்றேளா?" என்று சண்டைக்கு நிற்பார்கள். நானும் சளைக்காமல் சண்டை போட்டேன், தோற்றேன். பிறகு பழைய வேட்டியைக் கிழித்து, வளையலின் மேலேயே கையைச் சுற்றிக் கட்டிவிட்டேன். வளையலும் இருந்தது, கையும் பிழைத்தது. வழக்கத்தோடு முட்டினால் நம் மண்டைதான் உடையும். சுற்றிக்கொண்டு போக வழி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

"பட்ட காலிலே படும்" என்று ஊரில் சொல்வார்கள், விதியை நொந்துகொண்டு. நம் தொழிலில் அதற்கும் விதிக்கும் சம்பந்தமில்லை. ஆறாத காலோடு ஓடுகிறவள் அந்தக் காலைக் காப்பாற்றப் பார்த்துத் தப்படி வைப்பாள். மறுபடி அதே காலில் அடி. இதை எனக்குச் சொன்னவர் ராயப்பேட்டைப் பக்கம் இருந்த ஒரு லேடி டாக்டர். நாக்கில் மிளகாய் அரைத்து வைத்திருப்பவர். முதன்முதலாக ஒரு சுளுக்கை அவரிடம் கொண்டுபோனபோது, சுடச்சுட எண்ணெய் காய்ச்சி உருவிவிட்டேன் என்று பெருமையாகச் சொன்னேன். "உள்ளே ரத்தம் கட்டியிருக்கு, அதைப் போய் உருவினீங்களா? சப்பாத்தி மாவா அது?" என்றார். பிறகு அந்தப் பெண்ணிடம் திரும்பி, எங்கே வலிக்கிறது என்று கேட்காமல், "காலையில எழுந்ததிலிருந்து என்னென்ன பண்ணினே, ஒண்ணு விடாம சொல்லு" என்றார். அவள் குழாயடியிலிருந்து மாடிக்குக் குடம் குடமாகத் தண்ணீர் தூக்கிவிட்டு விளையாட வந்திருந்தாள். நான் அவமானத்தில் வேர்த்துப் போனேன். அந்தக் கேள்வியை அன்று அவரிடமிருந்து களவாடியவள்தான், இன்றுவரை திருப்பிக் கொடுக்கவில்லை.

அந்தக் கேள்வி எவ்வளவு தூரம் போகும் என்று எனக்குக் காட்டியவள் அலமேலு.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் ஒரு வருஷம் எங்கள் பள்ளி பூப்பந்தில் இறுதி ஆட்டம் வரை வந்துவிட்டது. கம்பளி நூல் பந்து, நீள மட்டை, பக்கத்துக்கு ஐந்து பேர். எங்கள் ஐந்து பேரில் பின்வரிசையைக் காத்தவள் அலமேலு. ஐந்தாம் பாரம், அதாவது பத்தாம் வகுப்பு, படித்தாள். அவள் அடிக்கும் பந்து எதிரிக் கோட்டின் கடைசி மூலையில் போய் உட்காரும். அவளுடைய அப்பா ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. பள்ளி திறந்த வாரமே வந்து என்னிடம் ஒரு நிபந்தனை போட்டிருந்தார்.

"ஆடட்டும், வேண்டாங்கலை. ஆனா கை கால்ல ஒண்ணு ஆச்சுன்னா அன்னிக்கே பள்ளிக்கூடத்துல பேரை அடிச்சுடுவேன். நாளைக்கு நொண்டிப் பொண்ணுன்னு ஊர் பேசினா நான் யார்கிட்டப் போய் நிப்பேன்?"

ஆட்டத்தை மட்டும் நிறுத்துவேன் என்று அவர் சொல்லவில்லை. படிப்பையே நிறுத்துவேன் என்றார். அலமேலுவும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

இறுதி ஆட்டத்துக்கு நாள் குறித்த வாரத்திலிருந்து என் பெண்களுக்கு ஒவ்வொருத்தியாகக் கால் நோவு தொடங்கியது. முதலில் ஒருத்தி ஆடுசதையைப் பிடித்துக்கொண்டாள். மறுநாள் இன்னொருத்தி. தரை இறுகியிருக்கிறது என்று நினைத்துத் தண்ணீர் தெளிக்கச் சொன்னேன். பயிற்சி அதிகமோ என்று பாதியாகக் குறைத்தேன். வலி குறைய வேண்டும் அல்லவா? கூடியது! மூன்றாவதாக ஒருத்தியும் நொண்டினாள். எனக்குத் தலையைப் பிய்த்துக்கொள்ளலாம் போல இருந்தது.

அன்று மூன்று பேரையும் வரிசையாக உட்கார வைத்துக் கால்களைப் பார்த்தேன். அப்போதுதான் ஒன்று உறைத்தது. மூன்று பேருக்கும் வலி இடது ஆடுசதையில். மூவரும் வலக்கைக்காரிகள். பந்தை எட்டும்போது வலக்காலைத்தான் முன்னே வீசுவார்கள். நோவதானால் வலது தொடை நோகலாம், வலது முட்டி நோகலாம். மூன்று பேருக்கும் சொல்லிவைத்த மாதிரி இடது ஆடுசதை என்றால், அது என் கோட்டில் வந்த வலியே அல்ல. வேறெங்கோ போய் வாங்கிக்கொண்டு வருகிறார்கள்.

கேட்டேன். ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள். அடுத்த நாள் வெள்ளிக்கிழமை, இறுதி ஆட்டத்துக்கு முந்தின நாள், அலமேலு ஒரு பந்துக்கு எம்பிக் குதித்து இறங்கியவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். இடது ஆடுசதை. "ஒண்ணுமில்லை டீச்சர், ஒண்ணுமில்லை டீச்சர்" என்று சொல்லிக்கொண்டே அழுதாள்.

தைலத்தைத் தொடவில்லை. பானைத் தண்ணீரில் துணியை நனைத்துச் சுற்றி, காலைத் தூக்கி ஒரு முக்காலி மேல் வைத்தேன். பிறகு எழுந்து நின்று ஒரு சத்தம் போட்டேன். "இப்ப யாராவது சொல்றீங்களா, இல்ல நாளைக்கு ஆட்டமே வேண்டாம்னு எழுதிக் குடுத்துடவா?"

உடைத்துச் சொன்னவள் தனம். ஆறாவது ஆட்டக்காரி, யாருக்காவது முடியாமல் போனால் இறங்குவதற்காக வைத்திருந்தோம். முண்டகக்கண்ணியம்மன் கோயில் பக்கத்துப் பால்காரர் மகள். பயம் என்பது அவள் பரம்பரையிலேயே கிடையாது.

"புள்ளையார் கோயில்ல நூத்தியெட்டு சுத்து சுத்திக்கினு கீறாங்க டீச்சர். வேண்டுதலாம். காலைல பள்ளிக்கூடத்துக்கு முன்னாடி ஒருவாட்டி. கால் நோவு வந்ததும் வேண்டுதல் பத்தலைன்னு சாயந்திரமும் ஒருவாட்டி."

"நீயும் சுத்தினியா?"

"என்னை எங்க டீச்சர் சேத்தாங்கோ? ஆடுறவங்க அஞ்சு பேருதானாம். நான் பைக்கட்டுக்குக் காவல்."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. தெப்பக்குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கும் பிள்ளையார் அவர். சுற்றிவரக் கருங்கல் பாவிய பிரகாரம். பள்ளி மணி அடிப்பதற்குள் முடிக்க வேண்டும் என்று வெறும் வயிற்றோடு, வெறுங்காலோடு, நடக்காமல் ஓடியிருக்கிறார்கள். வலமாகச் சுற்றுகிறவள் ஒவ்வொரு மூலையிலும் இடது காலை ஊன்றித்தானே உடம்பை வலப்பக்கம் தள்ள வேண்டும்? இடது ஆடுசதை பாவம், எத்தனை மூலைக்குத்தான் தாங்கும்? நோவு வந்ததும் சுற்றைக் குறைக்காமல் கூட்டியிருக்கிறார்கள். நான் பயிற்சியைக் குறைக்கக் குறைக்க, மிச்சமான நேரம் எல்லாம் பிள்ளையாருக்குப் போயிருக்கிறது.

"கோப்பைக்காக இவ்வளவா?" என்று கேட்டேன். அலமேலு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "டீச்சர், அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்கோ. படியில தடுக்கிண்டேன்னு சொல்லிடறேன்."

இந்த இடத்தில்தான் தங்கைகளே, நீங்கள் சறுக்கப் பார்ப்பீர்கள். ஒரு சின்னப் பொய். அவள் படிப்பும் பிழைக்கும், உங்கள் பெயரும் பிழைக்கும். எனக்கும் ஆசை வந்தது, ஏன் மறைக்க வேண்டும்? ஆனால் படியில் தடுக்கியது என்று சொன்னால் அந்தக் கால் நாளைக் காலையில் மறுபடி கோயிலுக்குப் போகும். மறைத்த காயம் ஆறாது. ஒரு ரிக்‌ஷாவைப் பிடித்து, அவளை ஏற்றி, நானும் ஏறிக்கொண்டேன். வழியெல்லாம் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டே வந்தாள்.

வீட்டில் விளக்கேற்றும் நேரம். அப்பா அப்போதுதான் வேலையிலிருந்து வந்து கோட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார். பெண் நொண்டி நொண்டி உள்ளே போவதைப் பார்த்தார். முகம் இறுகிவிட்டது. முன்கூடத்தில் எனக்கு நாற்காலி போட்டார், மரியாதைக்குக் குறைவில்லை. ஆனால் அவர் உட்காரவில்லை.

"நான்தான் அப்பவே சொன்னேனே டீச்சரம்மா. திங்கக்கிழமை வந்து பேரை அடிச்சுடறேன்."

"அடிங்க சார். ஆனா விசாரிக்காமயே தீர்ப்பு சொல்லிடுவீங்களா? நீங்க கோர்ட்டுக்குப் போய்வர்றவர்."

கோர்ட் என்றதும் உட்கார்ந்தார். "சொல்லுங்கோ."

இடது காலில் தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். கேட்கக் கேட்க அவருக்குக் கோபம்தான் ஏறியது.

"அப்போ ஸ்வாமியைச் சுத்தினதாலதான் கால் போச்சுங்கறேள். அதுவும் நீங்க."

நான் சாந்தோம் மாதா கோயில் பக்கத்து வீட்டில் பிறந்தவள். அந்த "நீங்க" எதற்கு என்று எனக்குப் புரியாதா? சுருக்கென்றது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"எங்க அம்மா பரங்கிமலை மாதா கோயில் படியை முட்டியால ஏறினவங்க சார். நேர்த்திக்கடனைக் கேலி பண்ற வீட்டுல நான் பொறக்கலை. சுத்தினதைத் தப்புன்னு சொல்லலை. மணி அடிக்கறதுக்குள்ள முடிக்கணும்னு கருங்கல்லுல ஓடினாங்க பாருங்க, அதைச் சொல்றேன். கால் நோவுதுன்னு யார்கிட்டயும் சொல்லாம ரெண்டு வேளையா ஆக்கினாங்க பாருங்க, அதைச் சொல்றேன்."

அவர் உள்பக்கம் திரும்பினார்.

"ஏண்டி, அப்படி என்னத்துக்குடி வேண்டிண்டே? ஒரு வெள்ளிக் கோப்பைக்கா?"

கதவுக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வந்தது. "கோப்பைக்கு இல்லைப்பா. அடி பட்டுடக் கூடாதுன்னுதான் வேண்டிண்டேன். பட்டா நீ படிப்பை நிறுத்திடுவியேன்னு. எனக்காகத்தான் அவாளும் சேர்ந்து சுத்தினா."

எனக்கே அது அப்போதுதான் தெரியும். காரணம் காரணம் என்று தரையைத் தேடினேன், பயிற்சியைத் தேடினேன், பிரகாரத்து மூலை வரை தேடிக்கொண்டு போனேன். அது இந்தக் கூடத்தில், என் எதிரே கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்துக்கொண்டிருந்தது. துடைத்த கண்ணாடியையே அவர் திரும்பத் திரும்பத் துடைத்தார்.

"இன்னும் எத்தனை பாக்கி?" என்று கேட்டார்.

"நாளைக்குக் கார்த்தால ஒரு நூத்தியெட்டுப்பா."

"நீ ஆத்துல காலை நீட்டிண்டு உக்காரு. அந்த நாலு பொண்களுக்கும் சொல்லி அனுப்பறேன், யாரும் போக வேண்டாம். எல்லாருக்குமா நான் முடிச்சுடறேன்."

"வேறொருத்தர் முடிக்கலாமா சார்?" என்றேன், வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல்.

"கட்சிக்காரனுக்காக வக்கீல் ஆஜராகறதில்லையா?" என்றார். அன்று அவர் முகத்தில் முதல்முறையாகக் கோபம் இல்லாததைப் பார்த்தேன். ஆனால் திங்கட்கிழமையைப் பற்றி அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் மைதானம் நிறைந்துவிட்டது. பெரிய மனிதர்கள் வீட்டுப் பெண்மணிகள் முன்வரிசை நாற்காலிகளில். எதிர்த்து ஆட வந்தவர்கள் எழும்பூர்ப் பக்கத்துப் பள்ளிக்காரர்கள், திடமான பெண்கள். தலைமையாசிரியை அம்மா என்னைத் தனியே கூப்பிட்டார். "நல்லா இறுக்கி ஒரு கட்டுப் போட்டு அலமேலுவை இறக்குங்க. ஒரு மணி நேரம்தானே? வந்திருக்கறவங்க முன்னால மானம் போகக் கூடாது."

அலமேலுவும் கச்சைகட்டிக்கொண்டு நின்றாள். "வலி போயிடுத்து டீச்சர். சத்தியமா."

ஆடத் துடிக்கிறவளின் வாயை நம்பாதீர்கள். அவள் பொய் சொல்லவில்லை, ஆசை சொல்கிறது. காலைக் கேளுங்கள். "இடது கால் நுனியில ஒத்தக் கால்ல நில்லு, பார்ப்போம்" என்றேன். குதிகால் அரை அங்குலம் எழுந்தது, உடனே இறங்கிவிட்டது. முகம் வெளுத்தது. மற்ற நால்வரையும் அப்படியே நிற்கச் சொன்னேன். முனகினார்கள், ஆனால் நின்றார்கள். அன்று காலை கோயிலுக்கு ஓடாமல் ஓய்ந்திருந்தது கொஞ்சம் கை கொடுத்திருந்தது.

"தனம், மட்டையை எடு."

"இன்னா டீச்சர், நானா?" என்றாள். அடுத்த நொடி மட்டை அவள் கையில் இருந்தது. பைக்கட்டுக்குக் காவல் இருந்த கால்கள் அல்லவா, மானாகத் துள்ளின.

தலைமையாசிரியை அம்மா என்னைப் பார்த்த பார்வையை நான் இங்கே எழுதப் போவதில்லை. ஒரு ஆட்டம் தோற்றோம், ஒன்று ஜெயித்தோம், மூன்றாவதை இழுத்துப் பறித்துத் தோற்றோம். தனம் கடைசிப் பந்து வரை விழுந்து எழுந்தாள். கோப்பை எழும்பூருக்குப் போயிற்று. அதன் பிறகு ஒரு வாரம் தலைமையாசிரியை அம்மா என்னிடம் ஆயா மூலமாகத்தான் பேசினார். நான் செய்தது சரிதானா என்று எனக்கே அன்று இரண்டு மனசு. ஜெயித்திருந்தால் நான் புத்திசாலி, தோற்றதால் பிடிவாதக்காரி. இந்தத் தொழிலில் நல்ல முடிவு எடுத்த மறுநாள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். பழகிக்கொள்ளுங்கள்.

திங்கட்கிழமை முதல் மணி அடித்ததும் அலமேலுவின் அப்பா வாசலில் வந்து நின்றார். அலுவலக அறைக்குப் போவார் என்று பார்த்தால் மைதானத்தைத் தாண்டி என்னிடம் வந்தார். வந்த நடையைப் பார்த்ததும் புரிந்துவிட்டது.

"எந்தக் கால் சார்?"

சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "இடது" என்றார் மெதுவாக. "வக்கீலாத்துக்கு நேரமாயிடுத்தேன்னு நானும் கொஞ்சம் ஓடிட்டேன். ரெண்டு நாளா மாடிப்படி இறங்க முடியலை. குழந்தைகள் எப்படித்தான் தாங்கித்தோ!"

நான் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருப்பதற்கு எவ்வளவு பாடுபட்டேன் என்று மாதாவுக்குத் தெரியும். உருவாதீர்கள், காலை உயர்த்தி வையுங்கள், வலி போகும் வரை ஓடாதீர்கள் என்று அவர் மகளுக்குச் சொன்னதையே அவருக்கும் சொன்னேன். கேட்டுக்கொண்டார். போகத் திரும்பியவர் நின்றார்.

"டீச்சரம்மா, நிபந்தனையை மாத்திட்டேன். அடி பட்டா நிறுத்தறதில்லை. பட்டா பட்ட அன்னிக்கே ஆத்துல வந்து சொல்லணும். மறைச்சாத்தான் நிறுத்துவேன்."

அந்த ஒரு வாக்கியத்தை நான் பிறகு எத்தனையோ வீடுகளில் கடன் வாங்கிப் பேசியிருக்கிறேன். காயத்துக்குப் பயப்படும் வீட்டுப் பெண் காயத்தை மறைப்பாள். மறைத்த காயம்தான் காலை முடமாக்கும். உங்கள் பெண்கள் உங்களிடம் ஓடிவந்து "டீச்சர், வலிக்குது" என்று சொல்கிறார்களா என்று பாருங்கள். சொன்னால் நீங்கள் நல்ல டீச்சர். புட்டியில் தைலம் இல்லாவிட்டாலும் பாதகமில்லை.

அலமேலு ஆறாம் பாரத்துக்கு வந்தாள். மறுபடி இறுதி ஆட்டம், மறுபடி எழும்பூர். தனமும் இப்போது ஐந்தில் ஒருத்தி. கோட்டுக்குள் போகுமுன் நான் வாயைத் திறக்கவில்லை; அலமேலு தானாகவே வந்து என் முன்னால் இடது கால் நுனியில் ஒற்றைக் காலில் நின்று காட்டினாள். அசையவில்லை. மதில் ஓரம் அவள் அப்பா நெற்றி நிறைய விபூதியோடு உட்கார்ந்திருந்தார். அவர் கால்களைப் பற்றி எனக்குக் கவலையாக இருந்தது. போய்க் கேட்டேன்.

"இந்த வருஷமும் நூத்தியெட்டா சார்?"

"ஆமாம். ஆனா ஒரே நாள்ல இல்லை" என்றார். "பிள்ளையார்கிட்டப் பேசித் தவணை வாங்கிட்டேன். தினம் கொஞ்சம், நடந்துதான்."